இணைத்துக் கற்க வேண்டிய இரு கலைகள்: சூழலியலும் சுற்றுச்சூழல் பொறியியலும்

முன்னுரை

ஒரு மொழி புதிய அறிவுத்துறைக்குப் பெயர் சூட்டும்போது, அத்துறையைப் பற்றிய எண்ணத்தையும் உடன் உருவாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'எகாலஜி' என்பதும் 'என்விரான்மென்டல் எஞ்சினியரிங்' என்பதும் வேராலும் ஒலியாலும் வேறுபட்ட பெயர்கள். தமிழில் இவற்றைச் சூழலியல் எனவும் சுற்றுச்சூழல் பொறியியல் எனவும் வழங்குகிறோம். இரண்டிலும் 'சூழ்' என்னும் ஒரே வேர் நிற்கிறது. இதனால் ஒரு குழப்பமும் ஒரு நன்மையும் விளைந்துள்ளன. இரண்டும் ஒன்றே என மாணவர் பலர் மயங்குவது குழப்பம். இரண்டும் உறவுடையவை என்பதைச் சொல்லே உணர்த்திவிடுவது நன்மை.

உண்மையில் இவை இருவேறு கல்விகள். சூழலியல் உயிர்களுக்கும் அவை வாழும் இடத்திற்கும் இடையேயுள்ள உறவுகளை ஆராய்வது. சுற்றுச்சூழல் பொறியியல் குடிநீர் வழங்கல், கழிவுநீர்த் தூய்மை, காற்று மாசுத் தடுப்பு ஆகியவற்றிற்குரிய கட்டமைப்புகளைத் திட்டமிட்டு அமைப்பது. முன்னது அறிதலை நோக்கியது; பின்னது ஆக்கலை நோக்கியது. பொறியியல் 'எவ்வளவு?' என்று கேட்கிறது. சூழலியல் 'எதனோடு எது?' என்று கேட்கிறது. இவ்விரு வினாக்களுள் ஒன்றை மட்டும் கேட்டவர் பெறும் விடை பாதி உண்மையாகவே அமையும் என்பதையும், அப்பாதி உண்மைக்கு ஊர்கள் கொடுக்க நேர்ந்த விலை பெரிது என்பதையும் சான்றுகளோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் ஏன் என்ற வினா எழலாம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றிலிருந்து தோன்றும் உணவு, விலங்கு, மரம், பறவை, மக்கள் செய்யும் தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என ஒரே வரிசையில் வைத்தது. இன்றைய அறிவியல் அன்றே இருந்தது என்று பெருமை பேசுதற்காக இதனைக் கூறவில்லை. மரத்தையும் பறவையையும் மனிதன் செய்யும் தொழிலையும் சேர்த்தே எண்ணும் பழக்கம் தமிழ் கற்றவர்க்குப் புதியதன்று என்பதை நினைவூட்டவே கூறினோம்.

இரு துறைகளின் தோற்றம்

சுற்றுச்சூழல் பொறியியல் தொடக்கத்தில் சுகாதாரப் பொறியியல் என்றே அழைக்கப்பட்டது. அது நோயின் அச்சத்தில் பிறந்த கலை. 1854-இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் பிராட் தெருவிலிருந்த நீரேற்றுக் குழாயே நோயின் ஊற்று என்பதைக் காட்டினார். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே நிலைகுலைய வைத்தது. அதன் பின்னரே ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் பெருங்கழிவுநீர்க் கால்வாய்களை அமைக்க வழி பிறந்தது. நகரம் தூய்மையடைந்தது, ஆனால் கழிவு அழியவில்லை. அது ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இடம் மாறியது.

கழிவை இடம் மாற்றுவது போதாது, தூய்மைப்படுத்தவும் வேண்டும் என்ற எண்ணம் பின்னர் வந்தது. 1912-இல் பிரித்தானிய அரச ஆணைக்குழு தன் எட்டாம் அறிக்கையில் ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. ஒரு லிட்டரில் மிதக்கும் திண்மங்கள் 30 மில்லிகிராமுக்கும், உயிர்வளித் தேவை 20 மில்லிகிராமுக்கும் மிகாதிருத்தல் வேண்டும் என்பது அது. உயிர்வளித் தேவை என்பது நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அவை உட்கொள்ளும் ஆக்சிஜனின் அளவாகும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் 'கிளர்வுற்ற சேறு' என்னும் தூய்மை முறையை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் உள்ள பெரிய தூய்மை நிலையங்கள் பலவற்றுள் அம்முறையே வழங்குகிறது.

சூழலியலின் தோற்றம் வேறு. 1866-இல் செருமானிய உயிரியலறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இத்துறைக்குப் பெயர் படைத்தார். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி, உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் ஒரே அமைப்பாகக் காணும் 'சூழல் மண்டலம்' என்ற கருத்தை முன்வைத்தார். 1942-இல் ரேமண்ட் லிண்டமன் என்னும் இளம் அறிஞர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து, ஆற்றல் ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குச் செல்லும் வழியைக் கணக்கிட்டார். 1953-இல் யூஜின் ஓடம் எழுதிய சூழலியல் அடிப்படைகள் பற்றிய பாடநூல் இத்துறையைப் பல்கலைக்கழக வகுப்பறைகளுக்குக் கொண்டு சென்றது.

இவ்வாறு ஒன்று கட்டுமானப் பொறியியல் துறையிலும், மற்றொன்று தாவரவியல், விலங்கியல் துறைகளிலும் வளர்ந்தன. ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவர் வகுப்பறைக்குள் மற்றவர் நுழையாத நிலை நெடுங்காலம் நீடித்தது.

தொட்டிக்குள் ஓர் உயிருலகம்

இத்துறைகளைப் பிரித்துக் கற்பது எவ்வளவு செயற்கையானது என்பதைக் கழிவுநீர்த் தூய்மை நிலையமே காட்டும். கிளர்வுற்ற சேறு நிகழும் தொட்டியைப் பொறியியல் மாணவர் கான்கிரீட் சுவர், காற்றூதும் எந்திரம், நீர் தங்கும் நேரம் என மூன்றாகக் காண்பார். அத்தொட்டியில் உண்மையில் வேலை செய்வது எந்திரமன்று, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். அவை அழுக்கை உண்டு பெருகித் திரள்திரளாகக் கூடுகின்றன. சிதறி நிற்கும் பாக்டீரியாக்களை வோர்ட்டிசெல்லா போன்ற ஓரணு உயிர்கள் உண்கின்றன. இதனாலேயே வெளியேறும் நீர் தெளிகிறது. இழை வடிவ நுண்ணுயிர்கள் அளவு மீறிப் பெருகினால் சேறு அடியில் படியாமல் மேலெழும்பி, நிலையமே செயலிழக்கும்.

ஆகவே, தூய்மை நிலையத்தை நடத்துபவர் தம்மை அறியாமலே ஓர் உயிருலகை மேய்க்கிறார் எனலாம். அவ்வுயிர்கள் எதை உண்ணும், எதனால் மடியும், எந்த நிலையில் எது மிகும் என்பதை அறியாதவருக்கு நுண்ணோக்கியில் தெரிவது வெறும் புள்ளிகளே. மறுபுறம், அவ்வுயிர்களின் பெயர்களையெல்லாம் அறிந்தும், நாளொன்றுக்கு இத்தனை இலட்சம் லிட்டர் நீருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று கணக்கிட இயலாதவரால் ஓர் ஊரின் நீரைக் காக்க முடியாது.

வாஷிங்டன் ஏரி: தூய்மையாக்கிய நீரே கெடுத்த கதை

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டியுள்ள வாஷிங்டன் ஏரியின் வரலாறு இத்துறையில் பாடமாகவே பயிலப்படுகிறது. 1950-களில் அவ்வேரியைச் சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் தூய்மை நிலையங்களைக் கடந்தே ஏரியில் கலந்தது. உயிர்வளித் தேவை குறைந்துவிட்டது, நோய்க்கிருமிகளும் குறைந்தன. அன்றைய பொறியியல் அளவுகோலின்படி பணி முடிந்தது.

ஆயினும் 1955-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஏரியியல் அறிஞர் எட்மண்ட்சன் (1916–2000) குழுவினர், அவ்வேரியில் ஆசிலட்டோரியா ரூபெசென்ஸ் என்னும் பாசியினம் பெருகியிருப்பதைக் கண்டனர். ஐரோப்பாவில் சூரிச் ஏரி கெட்டபோது தோன்றிய அதே பாசி அது. அதனால் வரப்போவது என்ன என்பதை அவர் உணர்ந்தார். தூய்மை நிலையங்கள் அழுக்கை நீக்கின. அதிலிருந்த பாஸ்பரஸ் சத்தை நீக்கவில்லை. உயிர்களின் வளர்ச்சி அனைத்துச் சத்துகளின் கூட்டளவாலன்று, தேவையை நோக்க மிகக் குறைவாயுள்ள சத்தாலேயே கட்டுப்படுகிறது என்பது சூழலியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்வேரியில் அத்தகைய சத்து பாஸ்பரஸ். அதனைக் கழிவுநீர் வாரி வழங்கியபோது பாசி பெருகியது.

கழிவுநீரை ஏரியினின்று முற்றிலும் விலக்கினால் ஏரி மீளும் என்று எட்மண்ட்சன் முன்கூட்டியே கூறினார். 1958-இல் மக்கள் முதன்முறை வாக்களித்தபோது அத்திட்டம் தோற்றது. அதே ஆண்டு இரண்டாம் முறை வென்றது. 1963 முதல் 1968 வரை பொறியாளர்கள் பெருங்குழாய்களை அமைத்து, கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி, ஆழமும் அலையேற்றமும் மிக்க கடற்கழிமுகத்தின் பக்கம் திருப்பினர். 1960-களின் தொடக்கத்தில் ஏரியில் இறக்கிய வெண்தட்டு ஒரு மீட்டர் ஆழத்திற்குள் கண்ணுக்கு மறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. 1976-இல் பாசியை உண்ணும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு பெருகியதும் நீர் மேலும் தெளிந்தது. இப்பிற்பகுதி எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் இல்லை. ஏரியே தந்த கொடை அது.

நோயின் காரணத்தைக் கண்டவர் சூழலியலறிஞர். மருந்தை ஊட்டியவர் பொறியாளர். இருவருள் ஒருவர் இல்லையெனினும் ஏரி மீண்டிராது.

கொல்கத்தா: சூழலியல் கற்ற பொறியாளர்

இருவர் கூடிச் செய்ததை ஒருவரே செய்யவும் கூடும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. கொல்கத்தா நகரின் நிலம் ஹூக்ளி ஆற்றின் பக்கம் உயர்ந்து, கிழக்கே தாழ்ந்து செல்வது. ஆதலால் நகரக் கழிவுநீர் ஆற்றை நோக்காது கிழக்கேயுள்ள சதுப்பு நிலங்களை நோக்கிக் கால்வாய்களில் ஓடுகிறது. 1980-களின் தொடக்கத்தில் அக்கழிவுநீர் இறுதியில் என்ன ஆகிறது என்று கண்டறியும் பணி, மேற்கு வங்க அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் அவர்களிடம் வந்தது. அவர் பொறியியல் பயின்றபின், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சூழலியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

கால்வாயைத் தொடர்ந்து சென்ற அவர் கண்டது வியப்புக்குரியது. பேரி எனப்படும் ஆழமற்ற பெருங்குளங்களில் மீனவர்கள் கழிவுநீரை அளவோடு விட்டனர். வெயிலில் பாசி வளர்ந்தது. பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்க, அதற்கு வேண்டிய உயிர்வளியைப் பாசி தந்தது. பாசியையும் நுண்ணுயிர்களையும் மீன்கள் உண்டன. குளத்தினின்று வெளியேறிய நீர் நெல்வயலுக்குப் பாய்ந்தது. கரையோரம் வளர்த்த ஆகாயத்தாமரை அலையினின்று கரையைக் காத்தது. மீனவர்கள் நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எப்போது எவ்வளவு விடுவது என முடிவு செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து எந்திரமும் மின்சாரமும் இன்றி இது நடந்து வந்தது.

பொறியியல் மட்டும் கற்ற ஒருவர் அங்கே சென்றிருப்பின், நிலத்தைத் தூர்த்துப் பெருஞ்செலவில் ஒரு தூய்மை நிலையம் எழுப்பப் பரிந்துரைத்திருக்கக்கூடும். சூழலியல் மட்டும் கற்றவர் பறவைகளையும் மீன்களையும் பட்டியலிட்டுத் திரும்பியிருக்கக்கூடும். இரண்டும் அறிந்த கோஷ், அக்குளங்களே நகரின் தூய்மை நிலையம் என்பதைக் கண்டு, அதன் செயல்திறனை அரசுக்கும் நீதிமன்றத்திற்கும் விளங்கும் மொழியில் எடுத்துரைத்தார். 1990-இல் ஐக்கிய நாடுகள் சூழல் அமைப்பின் 'குளோபல் 500' விருது அவருக்குக் கிடைத்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2006-இல் அதனைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2018-இல் அவர் மறைந்தார். நகர விரிவால் அந்நிலத்திற்கு உண்டாகும் நெருக்கடி இன்னும் ஓயவில்லை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. அக்குளங்கள் மனிதக் கழிவைச் செரிக்கும். தோல் பதனிடும் ஆலையின் குரோமியத்தைச் செரிக்க மாட்டா. கொல்கத்தாவின் டாங்ரா முதலிய பகுதிகளிலிருந்த தோல் ஆலைகள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழகத்துத் தோல் ஆலைகளைப் பற்றியும் அந்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. அது நமக்கு மிக நெருங்கிய பாடம்.

பாலாறு: விடையில்லாமல் நின்ற உப்பு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் வளர்ந்தது தோல் தொழில். இத்தொழிலால் ஈட்டிய பொருளைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வாரி வழங்கிய இசுலாமியக் கொடையாளர் பலர். இலட்சக்கணக்கான குடும்பங்கள் இதனால் உண்டன. ஆதலால் இத்தொழிலைப் பழித்துரைப்பது எளிது, புரிந்துகொள்வதே கடமை.

முன்பு ஆவாரம் பட்டை முதலிய தாவரப் பொருள்களால் தோல் பதனிடப்பட்டது. 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுப்பதத் தோல் ஊக்குவிக்கப்பட்டபின், குரோமிய உப்பால் பதனிடும் முறை பெருகியது. 1991-இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தமிழகத்தில் 900-க்கு மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்குவதையும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்யத் தகுதி இழந்ததாக ஆய்வு ஒன்று கண்டதையும் அத்தீர்ப்பு எடுத்துக் கூறியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும், கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. அத்தீர்ப்பையொட்டி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையத்தின் பெயரிலேயே 'சூழலியல் இழப்பு' என்னும் தொடர் இடம்பெற்றது நோக்கத்தக்கது. 2025 ஜனவரியிலும் இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்தி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

ஆலைகள் கூடிப் பொதுத் தூய்மை நிலையங்கள் அமைத்தன. அவை உயிர்வளித் தேவையைக் குறைத்தன. குரோமியத்தைச் சேற்றில் படியச் செய்தன. ஆனால் தோல் கெடாதிருக்கத் தடவிய சாதாரண உப்பு, கழுவிய நீரில் கரைந்து அப்படியே வெளியேறியது. உப்பை எந்தப் பாக்டீரியாவும் உண்பதில்லை. எனவே நுண்ணுயிர்களை நம்பிக் கட்டிய நிலையம் எத்துணைச் சிறப்பாக இயங்கினாலும் உப்புக்கு அதனிடம் விடையில்லை.

இங்கேதான் சூழலியலின் வினா தேவைப்படுகிறது. 1912-இல் வகுத்த பிரித்தானிய அளவுகோல், கழிவுநீரைப் போல் எட்டு மடங்கேனும் நீர் ஓடும் ஆற்றை மனத்திற்கொண்டு வகுத்தது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. அங்கே கலந்து கரைக்க வெள்ளமில்லை. மழையினும் ஆவியாதல் மிகுந்த நிலம் அது; நீர் வானுக்குச் செல்ல உப்பு மண்ணில் தங்கும். மணலுக்கடியில் ஓடும் நீரே கிணறுகளுக்கும் குடிநீருக்கும் ஆதாரம். 'இவ்வாறு எதனோடு எதனால் இணைந்துள்ளது?' என்ற வினாவைத் திட்டமிடும் நாளிலேயே கேட்டிருந்தால் உப்பே முதற் சிக்கலாகத் தெரிந்திருக்கும்.

பின்னர் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையால் நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புக் கரைசலை ஆவியாக்கும் முறை வந்தது. நீர் மீண்டது, உப்புக் குவியல் எஞ்சியது. தூய்மை நிலையச் சேற்றின் கதையும் அதுவே. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பொருள் அழிவதில்லை, இடமும் வடிவமுமே மாறுகின்றன என்ற விதியை இதனினும் துயரமாக எந்தப் பாடநூலும் கற்பிக்க முடியாது.

உப்பைத் தொடக்கத்திலேயே பிரிப்பது இதற்கு மாற்று வழி. ஊற வைக்குமுன் தோலை உதறி உப்பை எடுத்தல், ஊறல் நீரை மற்றக் கழிவோடு கலவாது தனியே வெயிற்பாத்திகளில் காயவிடுதல், குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தல் ஆகிய முறைகள் நடைமுறையில் உள்ளன. கலந்தபின் பிரிப்பது எந்திரத்தின் வேலை. கலவாமல் காப்பது அறிவின் வேலை.

எவ்வாறு கற்பது?

இவ்விரு கல்விகளையும் இணைத்துக் கற்க விரும்பும் மாணவர்க்குச் சில கருத்துகள் கூறுதல் பொருந்தும்.

முதலாவதாக, மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கும் அமைந்த பிரிவைத் தேர்ந்தால் இரு வாயில்களும் திறந்திருக்கும். கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியல் வாயில் அடைபடும். உயிரியலை விட்டுப் பொறியியல் சேர்ந்தவர், பின்னாளில் நூல்வழி அதனைக் கற்றே ஆகவேண்டும்.

இரண்டாவதாக, இரண்டில் ஒன்றை ஆணிவேராகவும் மற்றதைப் பக்கவேராகவும் கொள்ளுதல் நன்று. பொறியியலை ஆணிவேராகக் கொண்டவர் நீரியக்கம், வேதியியல், பொருட்கணக்கு ஆகியவற்றில் தேர்ந்தபின், உணவுச் சங்கிலி, உயிர்த்தொகையின் ஏற்றத்தாழ்வு, சத்துகளின் சுழற்சி ஆகிய சூழலியற் பகுதிகளை விருப்பப் பாடமாகவோ முதுநிலையிலோ கற்கலாம். தாவரவியல், விலங்கியல் மாணவர் முதுநிலையில் சூழலியலை மேற்கொண்டு, கழிவுநீர்த் தூய்மையின் அடிப்படைக் கணக்குகளையும் புள்ளியியலையும் உடன் பயிலலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு அமைந்த பள்ளி, பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) பெயரைத் தாங்கியதாகும். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இன்றியே, பறவைகளை நோக்கி நோக்கி உலகப் புகழ் பெற்ற அப்பெரியாரின் வாழ்வு நம் மாணவர்க்கு ஊக்கம் தரவல்லது.

மூன்றாவதாக, இரண்டையும் கற்கப் புகுவோர் இரண்டிலும் மேலோட்டமாக நின்றுவிடும் இடர் உண்டு. அதற்கு மருந்து களப்பணியே. அருகிலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்து, ஓராண்டு முழுவதும் இரு ஏடுகள் எழுதுக. ஓர் ஏட்டில் மழையளவு, வரத்துக் கால்வாயில் வந்த நீர், மதகில் போன நீர், கலங்கலில் வழிந்த நாள் ஆகியவற்றைக் குறிக்க. மற்றோர் ஏட்டில் நீரின் நிறம், பாசி, கரையோரச் செடி, மீன், வந்துபோகும் பறவை ஆகியவற்றைக் குறிக்க. ஆண்டிறுதியில் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், முதல் ஏட்டில் விளங்காதது இரண்டாம் ஏட்டில் விளங்கும். இரண்டாம் ஏட்டின் வினாவுக்கு முதல் ஏட்டில் விடை கிடைக்கும்.

நான்காவதாக, அயல்நாட்டு அளவுகோலை அப்படியே ஏற்கும் பழக்கத்தை விடுதல் வேண்டும். உயிர்வளித் தேவையை 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்து அளப்பது குளிர்நாட்டு மரபு. நம் நாட்டு வெப்பத்திற்கேற்ப 27 பாகையில் மூன்று நாள் வைத்து அளக்கும் முறை இந்தியாவில் வகுக்கப்பட்டுள்ளது. அளவீட்டிலேயே நிலமும் பொழுதும் நுழைகின்றன என்பதற்கு இது சான்று.

கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1991-இல் வலியுறுத்தியது. பின்னர்ப் பட்ட வகுப்புகளில் அப்பாடம் இடம்பெற்றது. தேர்வுக்கு முன்னாள் படித்து மறக்கும் பாடமாக அதனைக் கருதாது, தம் ஊரின் நீரைப் பற்றிய பாடமாக ஆசிரியர்கள் நடத்துதல் வேண்டும். சமுதாயப் பெரியோர் ஒன்று செய்யலாம். மருத்துவத்திற்கும் கணினிக்கும் வழங்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை இவ்விரு துறைகளையும் இணைத்துக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். தம் தொழிலின் கழிவுநீரைக் கணக்கிடத் தெரிந்தவரும், அந்நீர் சேரும் மண்ணைப் புரிந்தவரும் ஒரே வீட்டுப் பிள்ளையாக அமைவாராயின், நீதிமன்றம் ஆணையிடும் வரை காத்திருக்க நேராது.

முடிவுரை

வாஷிங்டன் ஏரியில் பொறியியல் அளவுகோலுக்கு உட்பட்ட நீரே கேடு செய்தது. கொல்கத்தாவில் கேடு எனத் தள்ளிய நீரே உணவாயிற்று. பாலாற்றில் தூய்மை நிலையம் எழுந்தபின்னும் உப்பு எஞ்சியது. மூன்றும் வேறு வேறு நிலங்கள். உணர்த்தும் உண்மை ஒன்றே. நீரை அளக்கத் தெரிவதும் நீரோடு வாழ்வனவற்றை அறிவதும் பிரிக்கத்தகாத கல்விகள்.

தமிழில் 'சூழ்தல்' என்பதற்குச் சுற்றியிருத்தல் என்னும் பொருளோடு, பலவற்றையும் ஆராய்ந்து எண்ணுதல் என்னும் பொருளும் உண்டு. முற்காலத்தில் சூழ்ச்சி என்பது தீய எண்ணத்தை மட்டும் குறித்த சொல்லன்று. ஆராய்ந்து கூறும் அறிவுரையையும் குறித்தது. சூழலைக் கற்பார்க்கு இவ்விரண்டாம் பொருளே முதன்மையானது. செய்யும் முன் சூழ்ந்து, சூழ்ந்தபின் செய்யும் இளைஞர்களை இக்கல்லூரி போன்ற நிறுவனங்கள் உருவாக்குமாயின், வரும் தலைமுறை பாலாற்று மணலைத் தோண்டும்போது நல்ல நீரைக் காணும்.